விலங்குகள் காப்பகத்துக்கு உயில் எழுதிவைப்பது எப்படி: மதுரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காப்பகத்துக்கு மாதாமாதம் ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்துவந்தவர் இறந்துபோனால், அடுத்த மாதம் அந்த மூட்டை வராது. பிள்ளைகளுக்கு மனசில்லை என்பதல்ல காரணம். அப்பா அப்படி ஒன்று செய்துவந்தார் என்பதே பல வீடுகளில் தெரியாது. அங்கே இருக்கும் கால் ஒடிந்த நாய்க்கும், சாலையில் அடிபட்டுக் கிடந்து தூக்கிவரப்பட்ட கன்றுக்குட்டிக்கும் அடுத்த மாதமும் பசிக்கும்.

இந்த உதவியை நம் காலத்துக்குப் பிறகும் தொடரவைக்க எளிய வழி, உயிலில் ஒரு பத்தி சேர்ப்பது. பெரிய பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பத்தியைச் சரியாக எழுத வேண்டும். "என் சொத்தில் ஒரு பகுதியை வாயில்லா ஜீவன்களுக்குக் கொடுக்க வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போனால், எந்தப் பகுதி, யார் கையில் கொடுப்பது, யார் கொடுப்பது என்று ஒன்றும் விளங்காமல், கடைசியில் ஒரு ரூபாய்கூடப் போய்ச் சேராது. நல்ல மனசோடு எழுதியது வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், எது உங்கள் சொத்து?

18 வயது நிரம்பிய, தெளிந்த புத்தியுள்ள யாரும் உயில் எழுதலாம். ஆனால் உங்களுக்குச் சொந்தமானதை மட்டும்தான் எழுத முடியும். ஒரு தாளை எடுத்து வீடு, மனை, வயல், வங்கி வைப்புத்தொகை, தபால் நிலையச் சேமிப்பு, நகை, எல்ஐசி, பங்குகள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது சுய சம்பாத்தியமா, பூர்வீகமா, யார் பெயரில் இருக்கிறது என்று குறியுங்கள்.

சுய சம்பாத்தியத்தில் சிக்கல் இல்லை. இந்துக்கள் அதை முழுவதும் விருப்பப்பட்டவருக்கு எழுதலாம். பூர்வீகச் சொத்திலும் உங்கள் பிரிக்கப்படாத பங்கை உயிலில் எழுத, 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் என் கருத்து, அதைக் காப்பகத்துக்கு எழுத வேண்டாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருக்கும் பங்குள்ள நிலத்தில் ஒரு பங்கை வாங்க, காப்பகம் பாகப்பிரிவினை வழக்கு போட்டாக வேண்டும். நாய்க்கு ஊசி போட நேரம் போதாதவர்களை நீதிமன்றப் படி ஏறவைப்பது உதவி ஆகாது. வைப்புத்தொகையையோ நகையையோ கொடுங்கள்.

பெண்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கணவர் உயில் எழுதி உங்களுக்கு வீடு வந்திருந்தால் அந்த உயிலை எடுத்துப் படியுங்கள். "ஆயுள் வரை அனுபவித்துக்கொண்டு, அதன் பிறகு பிள்ளைகளுக்கு" என்று இருந்தால், அந்த வீட்டை நீங்கள் வேறு யாருக்கும் உயில் எழுத முடியாமல் போகலாம். அந்த வாசகத்தை வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வந்த சொத்து முழுக்க உங்களுடையது, யாருடைய சம்மதமும் தேவையில்லை.

முஸ்லிம்களுக்கு, கடனும் அடக்கச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் இப்படி எழுதலாம். கிறிஸ்தவர்களுக்கு ஒரு பழைய தடை இருந்தது. நெருங்கிய உறவினர் இருப்பவர் தர்மத்துக்கு எழுதும் உயில், இறப்பதற்கு 12 மாதம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-வது பிரிவு சொன்னது. 2003-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இன்னும் பழைய விதியைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்க வேண்டாம். ஆனால் கிறிஸ்தவர் உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் அந்த உயில் ரத்தாகிவிடும் என்பது இப்போதும் உண்மை. திருமணத்துக்குப் பிறகு புதிதாக எழுத வேண்டும்.

எந்தக் காப்பகம்?

பெயரை முடிவு செய்வதற்கு முன் நேரில் போங்கள். விழா நாளில் வேண்டாம், சாதாரண நாளில், முடிந்தால் சொல்லாமல் போங்கள். புதிதாக வந்த நாயைத் தனியாக வைக்கிறார்களா? பார்வோ காய்ச்சல் வந்தால் ஒரே வாரத்தில் குட்டிகள் எல்லாம் போய்விடும், அதனால் தனி அறை முக்கியம். ரேபிஸ் தடுப்பூசி, கருத்தடைப் பதிவேடு இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா? பத்து நிமிஷம் நின்று பார்த்தாலே நிறையத் தெரியும்.

அடுத்து காகிதம். காப்பகம் டிரஸ்டாக இருந்தால் அதன் பத்திரம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில், எந்த ஆண்டு, என்ன எண்ணில் பதிவானது என்று கேட்டு வாங்குங்கள். சங்கமாக இருந்தால் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும். பான் எண், வருமான வரித் துறையில் தர்ம அமைப்பாகச் செய்த பதிவு (12ஏபி என்று சொல்வார்கள்), கடைசி இரண்டு மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு ஆகியவற்றையும் கேளுங்கள். இந்திய விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இருந்தால் கூடுதல் நம்பிக்கை. அந்த வாரியத்தோடு நம் ஊருக்கு ஒரு சொந்தம் உண்டு. 1904-ல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. 1962-ல் வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

இதையெல்லாம்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் இல்லாவிட்டால் இதை யார் பார்ப்பார்கள்?" சிறு காப்பகங்கள் பெரும்பாலும் ஒரே ஒருவரின் உழைப்பில் ஓடுகின்றன. அவருக்கு உடம்பு முடியாமல் போனால் கதவு மூடப்படும். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள். அறங்காவலர்கள் எத்தனை பேர், அவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா, இடம் வாடகையா சொந்தமா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நன்கொடை தனிநபரின் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உயிலில் அந்தப் பெயரை எழுதாதீர்கள். அவர் பெயருக்கு எழுதியது அவருடைய சொத்து ஆகிவிடும், பிறகு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அமைப்பாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், செலவுக்கு உதவியும் செய்யுங்கள், பிறகு எழுதுங்கள்.

எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான்.

"ஐந்து லட்சம் ரூபாய்" என்று தொகையாக எழுதலாம். புரிந்துகொள்ள எளிது. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 20 வருஷத்தில் அந்த ஐந்து லட்சத்தின் மதிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மறுபக்கம், கடைசிக் காலத்து ஆஸ்பத்திரிச் செலவில் சேமிப்பு கரைந்து, குறிப்பிட்ட தொகையே மிஞ்சாமலும் போகலாம். அதனால் கடன், ஈமச்செலவு, பிள்ளைகளுக்குக் குறிப்பாக எழுதியவை எல்லாம் போக எஞ்சியதில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று எழுதுவதே மேல். கூடினால் கூடும், குறைந்தால் எல்லாருக்கும் குறையும். குடும்பத்துக்கும் அது நியாயமாகத் தெரியும்.

நகையை நகையாகக் கொடுப்பதில் பயன் இல்லை. என்ன நகை, எத்தனை பவுன் என்று எழுதி, அதை விற்றுப் பணத்தைக் கொடுக்கும்படி குறிப்பிடுங்கள்.

வீடு விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வது, "என் வீட்டிலேயே காப்பகம் நடக்க வேண்டும், விற்கக் கூடாது" என்று எழுதவே எழுதாதீர்கள். நெருக்கமான தெருவில் நாற்பது நாய்களை வைத்தால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்கள். நடத்தவும் முடியாமல் விற்கவும் முடியாமல் வீடு பூட்டிக் கிடக்கும். சொத்து வரி மட்டும் ஏறிக்கொண்டே போகும். விற்றுப் பணமாகக் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது காப்பகமே விற்றுக்கொள்ள முழு உரிமை கொடுங்கள். உங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், ஒரு கூண்டு வரிசைக்கோ சிகிச்சை அறைக்கோ பெயர் வைக்கக் கேட்கலாம். அதில் தப்பே இல்லை.

ஊருக்கு வெளியே கிணறோடு உள்ள நிலம் காப்பகத்துக்கு உண்மையிலேயே பெரிய வரம். மாடுகளுக்கு மேய்ச்சலும், நாய்களுக்கு ஓட இடமும் கிடைக்கும். ஆனால் விவசாய நிலத்தை டிரஸ்டுக்கு எழுதுவதற்கு முன், நில உச்சவரம்புச் சட்டம் குறுக்கே வருமா என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். அரசு ஒப்படை செய்த நிலம், பஞ்சமி நிலம் என்றால் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு.

பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். ஆடுகளை இடையர் வைத்துக்கொள்வார், மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது, அதற்கு ஈடாகத் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆட்டை அடித்துத் தின்றுவிட்டால் விளக்கு அணைந்துவிடும். காப்பகத்துக்குக் கொடுக்கும் பணத்தையும் இப்படி மூலநிதியாக வைக்கச் சொல்லலாம். பத்து லட்சத்தை வைப்பில் போட்டு 6.5 சதவீத வட்டி வந்தால் ஆண்டுக்கு 65,000 ரூபாய். உங்களுடைய அந்த மாத அரிசி மூட்டை அதில் தொடரும்.

ஆனால் முழுவதையும் மூலநிதியாகப் பூட்டிவிடவும் வேண்டாம். கூரை ஒழுகும்போது வட்டிக்காகக் காத்திருக்க முடியாது. பாதி மூலநிதி, பாதி செலவுக்கு என்று பிரிப்பது நல்லது. "கருப்பு நாய்க்கு மட்டும்", "செவ்வாய்க்கிழமை மட்டும் பால் சோறு" என்ற மாதிரி நிபந்தனைகளைத் தவிருங்கள். உணவு, மருத்துவம், பராமரிப்பு என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்து அங்கே என்ன தேவை என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வரி பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்தியாவில் இறந்தவர் சொத்துக்கு வரி 1985-லேயே ஒழிக்கப்பட்டது. ஆனால் உயில் மூலம் கொடுத்ததற்கு, 80ஜி என்று எல்லாரும் சொல்லும் நன்கொடை வரிச்சலுகை கிடைக்காது. அது வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும்போதே, ரொக்கமாக இல்லாமல், வங்கி வழியாகக் கொடுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே அது பொருந்தும்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடிமகனாகவோ வேறு நாட்டுக் குடிமகனாகவோ மாறிவிட்டால், இங்கே பிறந்தவர் என்றாலும், உங்கள் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகும். காப்பகத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இருந்தால்தான் வாங்க முடியும்.

நாமினி போட்டால் போதாதா?

போதாது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள், உரிமையாளர் இல்லை. காப்பீட்டைப் பற்றி 1984-லும், பங்குகளைப் பற்றி 2023-லும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் காப்பீட்டில் மட்டும், 2015-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். வங்கிக் கணக்கில் காப்பகத்தை நாமினியாகப் போடவும் முடியாது, தனிநபரைத்தான் போடலாம். அதனால் உயிலை நிறைவேற்றப்போகிறவரையே நாமினியாகப் போடுவது வசதி. அவர் வாங்கி, உயிலில் உள்ளபடி கொடுப்பார்.

எழுதும் வாசகம்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ போகும்போது காப்பகம் பற்றிய பகுதிக்கு இந்த மாதிரியைக் கொண்டுபோங்கள்:

"என் காலத்துக்குப் பிறகு, என் கடன்களும் ஈமச்செலவும் மேலே கண்ட கொடைகளும் போக எஞ்சும் என் அசையும், அசையாச் சொத்துகள் அனைத்தையும் என் நிறைவேற்றாளர் பணமாக்கி, அதில் நூற்றுக்கு ........ பங்கை, ........ சார்பதிவாளர் அலுவலகத்தில் ........ ஆண்டின் ........ எண் ஆவணமாகப் பதிவான, ........ பான் எண் கொண்ட ........ அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டியது. அதில் பாதி மூலநிதியாக இருந்து, அதன் வருமானம் மட்டும் விலங்குகளின் உணவு, மருத்துவம், பராமரிப்புக்குச் செலவாக வேண்டும். மறுபாதியை அறக்கட்டளை தன் நோக்கங்களுக்கு உட்பட்டு விரும்பியபடி செலவிடலாம். நான் காலமாகும்போது அந்த அறக்கட்டளை செயல்படாமல் இருந்தால், மதுரை மாவட்டத்தில் அதே நோக்கத்தோடு இயங்கும் பதிவுபெற்ற வேறோர் அமைப்பை என் நிறைவேற்றாளர் தேர்ந்து அதற்குக் கொடுக்க வேண்டியது. அறக்கட்டளையின் பொருளாளர் தரும் ரசீதே என் நிறைவேற்றாளருக்குப் போதுமான சான்று."

"செயல்படாமல் இருந்தால்" என்ற வரியை யாரும் நீக்கவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், காப்பகம் மூடப்பட்டிருந்தால் அந்தப் பங்கு எங்கே போக வேண்டும் என்பதே வழக்காகிவிடும்.

நிறைவேற்றாளராக உங்களைவிட வயது குறைந்த, கணக்கு வழக்கில் சுத்தமான ஒருவரைப் போடுங்கள். அவருக்குப் பிறகு என்று இரண்டாவது பெயரும் இருக்கட்டும். கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு எழுதுங்கள்.

கையெழுத்து, சாட்சி, பதிவு

இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அவர்கள் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் தகராறு வந்தால் ஒரு சாட்சியாவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், இளவயதுக்காரர்களாக, உள்ளூரில் இருப்பவர்களாகப் பாருங்கள். காப்பகத்தைச் சேர்ந்தவர்களையும், உயிலில் பங்கு பெறுகிறவர்களையும் சாட்சியாகப் போடவே வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதுங்கள்.

பிள்ளைகளுக்குக் குறைத்து விலங்குகளுக்கு எழுதும் உயிலை, "புத்தி சரியில்லாத நேரத்தில் எழுதியது" என்று சொல்லித்தான் எதிர்ப்பார்கள். வயதானவர் என்றால், அன்றைய தேதியில் மருத்துவரிடம் நல்ல நினைவோடு இருக்கிறார் என்று சான்று வாங்கி உடன் வையுங்கள். ஏன் இப்படி எழுதுகிறேன் என்று உயிலிலேயே இரண்டு வரி சேர்ப்பதும் பலம்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். அடையாள அட்டையோடும் சாட்சிகளோடும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் போதும். நடக்க முடியாதவர் விண்ணப்பித்தால் பதிவாளர் வீட்டுக்கே வரவும் சட்டத்தில் இடம் உண்டு. பதிவான உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது. உங்கள் காலம் வரை நகல் உங்களுக்கோ உங்கள் அதிகாரம் பெற்றவருக்கோ தவிர வேறு யாருக்கும் கிடைக்காது. பதிவு செய்த பிறகும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். மதுரையில் எழுதி, மதுரைச் சொத்துகளைப் பற்றி மட்டும் உள்ள உயிலுக்கு, உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் புரோபேட் சான்று வாங்குவது கட்டாயமில்லை.

உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரமாகவே எழுதிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அதைச் சுலபமாகத் திரும்ப எடுக்க முடியாது, முத்திரைத் தீர்வையும் கணிசமாக ஆகும். முதுமையில் கையில் சொத்து இருக்க வேண்டும். உயில்தான் பாதுகாப்பு.

அப்புறம், வீட்டில் சொல்லிவிடுங்கள். எத்தனை ரூபாய் என்று சொல்ல வேண்டாம், இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது, இது என் ஆசை என்று சொன்னால் போதும். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையோ பேரனையோ அந்தக் காப்பகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நேரில் பார்த்தவர்கள் வழக்குப் போடுவது அபூர்வம்.

உங்கள் வீட்டு நாயும் மாடும்

நம் சட்டப்படி விலங்கின் பெயரில் சொத்து எழுத முடியாது. அதை வளர்க்கப்போகிற ஆளுக்குத்தான் எழுத வேண்டும். அந்த ஆளை முதலில் கண்டுபிடியுங்கள். அவர் வீட்டில் நாயைச் சில நாள் விட்டுப் பழக்குங்கள். பராமரிப்புக்கென்று ஒரு தொகையை அவர் பெயருக்கு எழுதி, அவரால் முடியாவிட்டால் அடுத்து யார் என்றும் எழுதுங்கள். அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் வாடிவாசல் காளை வளர்க்கிற குடும்பங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டும். வயதாகி வாடியில் இறங்காத காளையை அடிமாட்டுக்குப் போகாமல் காப்பாற்ற, யாரிடம் இருக்க வேண்டும், தீவனத்துக்கு எந்த வயல் வருமானம் என்று காளையின் அடையாளத்தோடு எழுதிவைக்கலாம்.

ஆனால் உயிலைப் பிரிப்பது பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகுதான். அதுவரை நாய் பட்டினி கிடக்க முடியாது. அதனால் உயிலுக்கு வெளியே ஒரு தாளில், யாரைக் கூப்பிட வேண்டும், என்ன சாப்பிடும், என்ன மருந்து, எந்த மருத்துவர், தடுப்பூசி அட்டை எங்கே என்று எழுதி பீரோவில் வைக்காமல் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவையுங்கள். தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்கள், எந்தெந்த நாய்க்குக் கருத்தடை, ஊசி ஆகியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்து வைக்கப்போகிறவருக்கு உதவும்.

காலமான பிறகு நிறைவேற்றாளர் செய்வது

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து, சான்றிதழின் நகல்களைக் கூடுதலாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதைக் காட்டினால் பதிவான உயிலின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். காப்பகத்துக்கு உடனே எழுத்தில் தகவல் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தெரியாமலே போய்விட்டால் கேட்கவும் ஆள் இருக்காது. முதலில் கடன், ஆஸ்பத்திரி பாக்கி, இறந்தவரின் கடைசி வருமான வரிக் கணக்கு ஆகியவற்றை முடிக்க வேண்டும். பிறகு வங்கிகள், நகை, வீடு என்று பணமாக்கி, குடும்பத்தின் பங்கையும் காப்பகத்தின் பங்கையும் ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது, யாருக்கும் சந்தேகம் வராது. காப்பகத்துக்குக் கொடுக்கும் பணம் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். மூலநிதிக்கான பாதியைத் தனியாக அனுப்பி, இது மூலநிதி என்று கடிதத்தில் குறிப்பிட்டு, இரண்டுக்கும் தனித்தனி ரசீது வாங்கி, வாரிசுகளுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்துவிட வேண்டும்.